ஓனர் யார் என்று கேட்டார்கள்

எங்கள் வீடு என் பெயரில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது இப்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் ஏறுவது எனக்கே கேட்கிறது. வீடு வாங்கிய நாளில் இதில் பெருமைப்பட ஒன்றும் இருக்கவில்லை. புதுச்சேரியில் பெண் பெயரில் பத்திரம் பதிந்தால் முத்திரைக் கட்டணம் குறையும். அதனால் முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பெண்கள்தான் உரிமையாளர்கள். பத்திரத்தில் மட்டும். விலை பேசுவது, வாடகைக்கு விடுவது, குடியிருப்பவரைக் கூப்பிட்டு "மோட்டாரை ஏன் நிறுத்தல?" என்று சத்தம் போடுவது எல்லாம் ஆண்கள். நாங்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பதிவு அலுவலகம் போய், விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, வரும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்த உரிமையாளர்கள்.

இத்தனைக்கும் நான் பள்ளியில் தமிழ் டீச்சர். ஒற்று விட்டால் அரை மார்க் குறைக்கிறவள். என் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. ஆனால் என் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் முழித்திருப்பேன். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று இவர் சொல்வார். நான் போடுவேன். குழம்பு அடுப்பில் இருக்கும்.

இவர் என்றால் என் கணவர். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார், ஆனால் எதையும் இன்றைக்கே செய்யவும் மாட்டார். ஃபைல் தானாக நகரும் என்ற நம்பிக்கையை அலுவலகத்தில் விட்டுவிட்டு வராமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் ஒரு குடித்தனம். மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி, அதற்கு இரும்புக் கைப்பிடி. எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுசு கம்மி. கடல் காற்று அடியிலிருந்து தின்றுகொண்டே வரும், மேலே பெயிண்ட் மட்டும் பளபளவென்று நிற்கும். வருஷா வருஷம் சுரண்டிப் பார்க்கவேண்டும். நாங்கள் பொங்கலுக்குப் பொங்கல் சுரண்டாமல் பெயிண்ட் அடித்தோம்.

மாடியில் இருந்தது கடலூர்ப் பக்கத்துச் சின்ன வயசுத் தம்பதி. அவன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். அவள் வீட்டில் இருப்பாள். படியின் திருப்பத்தில் கைப்பிடி ஆடுகிறது என்று அவள்தான் முதலில் கவனித்திருக்கிறாள். இவரிடம் சொல்லியிருக்கிறாள், ஒருமுறைக்கு இருமுறை. இவரும், "வெல்டர்கிட்ட சொல்லியிருக்கேன்மா, வந்துடுவான்" என்றிருக்கிறார். வெல்டர் வரவில்லை. இவர் சொல்லியிருந்தால்தானே வருவான்! என்னிடமும் சொல்லவில்லை. வீட்டு விவகாரம் எனக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. தேங்காய்த்திட்டுத் துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, எங்கள் தெருவுக்கு எத்தனையோ காலமாக வருகிறவர். அறுபதை ஒட்டிய வயசு. அன்றைக்கு மாடிப்பெண் சங்கரா மீன் கேட்டாள் என்று மேலே ஏறிப்போனார். வியாபாரம் முடிந்து இறங்கும்போது, படி திரும்பும் இடத்தில், ஒரு கை கூடையில், ஒரு கை கம்பியில். கம்பி அடியோடு பிடுங்கிக்கொண்டது.

நான் ஓடிப் பார்த்தபோது கூடை ஒரு பக்கம், மீன்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முழங்கைக்குக் கீழே கை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அவர் அலறவில்லை. "யம்மா, யம்மா" என்று மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். மாடிப்பெண் படியில் உட்கார்ந்து, "சார்கிட்ட அப்பவே சொன்னேனே" என்று அழுதாள். நானும் இவரும் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையில் இரண்டு எலும்பும் ஒடிந்திருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைக்கவேண்டும் என்றார்கள். இடுப்பிலும் அடி. எப்படி விழுந்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விட்டது. வழக்கம் அதுதானாம்.

மறுநாள் சிவப்புத் தொப்பி போட்ட கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, வீட்டு ஓனரை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டு வரி ரசீதையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓனர் யார் என்று எஸ்.ஐ. கேட்டதும், "நான்தான் சார்" என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதல்ல, அவர் மனசில் அதுதான் உண்மை. எஸ்.ஐ. ரசீதைப் பார்த்துவிட்டு, "அம்மா பேருல இருக்குதே. அவங்கள அனுப்புங்க, நீங்க வந்து என்னா பண்றது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "வீடு உன் பேருல இருக்குதாம்" என்றார், யாரோ அவருக்குப் புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னதுபோல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நின்றுவிட்டது.

எனக்குப் பயப்பட ஒரே ஒரு காரணம் இருந்தது. என் மகள். அவள் பிரான்சில் இருக்கிறாள். மருமகனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா, அதனால் அந்தக் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை. மகளுக்கு அப்போது நான்காம் மாதம். தலைப்பிரசவம். "நீ வந்தாதான் எனக்குத் தைரியம்" என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் முதல்முதலாகப் பாஸ்போர்ட் எடுக்க போட்டோவெல்லாம் பிடித்து வைத்திருந்தேன். என் மேல் கேஸ் பதிவானால் விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லவேண்டும். விசாரணைக்கு வரும் போலீஸ் அப்படியே நிறுத்திவிடும். கேஸ் முடிகிறவரை நகராது. இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவர் இவருடைய பள்ளித்தோழர், வக்கீல்.

அந்த வக்கீல் எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே, "கவலைப்படாதீங்கம்மா, ஓனரை மாட்டாம எடுத்துடலாம்" என்றார். வழி சுலபமானது. ஒப்பந்தத்தில் பழுது பார்ப்பது ஓனர் பொறுப்பு என்று இருக்கிறது. அதோடு சேர்த்து ஒரு தாள். படி, கைப்பிடி, குழாய் என எல்லாப் பராமரிப்பும் குடியிருப்பவர் பொறுப்பு. தெரு வியாபாரிகளை மாடிக்கு ஏற்றக்கூடாது. ஏற்றினால் நடப்பதற்கு அவரே பொறுப்பு. வீட்டுக்குக் குடிவந்த நாளின் தேதியைப் போட்டு இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது.

"அந்தப் பையன் ஒத்துக்குவானா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்காம எங்கம்மா போவான்? உங்க மாடியிலதானே இருக்கான்."

அந்தப் பதில் எனக்குள் எங்கோ போய்க் குத்தியது. ஆனால் அன்றைக்கு மறுக்கவில்லை. மறுக்காததற்குக் காரணம் மகள்தான். சாயங்காலம் அவளிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

"போட்டுட்டு வாம்மா. ஒரு கையெழுத்துதானே. உனக்கு நான் முக்கியமா, மாடியில குடியிருக்கிறவங்க முக்கியமா?"

"பார்க்கலாம்டா" என்று வைத்துவிட்டேன். அன்று இரவு முழுக்க என் மனசு அவள் பக்கம்தான் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். பிள்ளை வலியில் கத்தும்போது பக்கத்தில் வெள்ளைக்காரி நர்ஸ் நிற்பாளா, நான் நிற்பேனா என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

அடுத்த நாள் தாள் தயாராகி வந்தது. இவர் அதை மேசையில் வைத்து, "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றார். பேனாவையும் மூடியைக் கழற்றி நீட்டினார். மாடித் தம்பியின் கையெழுத்து அதில் ஏற்கெனவே இருந்தது. அவன் வாசலில் நின்றிருந்தான், அவள் அவனுக்குப் பின்னால். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"சார் சொன்னாரு, போட்டுட்டேங்க்கா," என்றான் அவன். "வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க. வேற எடம் பாக்கிற நெலமையில நாங்க இல்ல."

கம்பி ஆடுகிறது என்று எச்சரித்தவள் அவள். அந்தப் பழி அவள் புருஷன் தலையில். அவனோ கெஞ்சுகிற குரலில் பேசுகிறான். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். என் வாழ்க்கையில் கையெழுத்துக்கு முன்னால் நான் படித்த முதல் தாள் அதுதான். படித்து முடித்துவிட்டு, விடைத்தாள் கட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு கோடு இழுத்தேன்.

"ஏம்மா, என்னா பண்ற நீ?" என்று இவர் எழுந்துவிட்டார்.

"என் பேருல வீடு வாங்கினப்போ உங்களுக்குக் கட்டணம் மிச்சம். இப்போ அந்தப் பையன் பேருல பழியைப் போட்டா கேசு மிச்சம். மிச்சம் பிடிக்கிறதுக்கு உங்களுக்கு வேற வழியே தெரியாதா?"

மாடித் தம்பதியை மேலே போகச் சொன்னேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசியில் இவர் தணிந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ என்கிட்டதான் சொன்னா. நான்தான் விட்டுட்டேன். நீ ஸ்டேஷன்ல உண்மையைச் சொன்னா நான் மாட்டுவேன். சொல்லாட்டி நீ மாட்டுவ. நான் என்னா பண்ணட்டும்?" அந்த மனிதர் அப்படிக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. கோபம் இருந்த இடத்தில் பாவமாக இருந்தது.

பள்ளிக்குக் கட்டும் கஞ்சி போட்ட காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இவரும் வந்தார். எஸ்.ஐ. மரியாதையாக உட்காரச் சொன்னார். ஓனர் யார் என்று மறுபடி கேட்டார், கேட்கவேண்டிய முறை அது.

"நான்தான் சார்."

"கம்பி ஆடுதுன்னு முன்னாடியே யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க சார். மாடியில குடியிருக்கிற பொண்ணு சொல்லியிருக்கு."

"உங்ககிட்டயா, சார்கிட்டயா?"

இவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. 'என்னிடம் இல்லை' என்று சொன்னால் அது உண்மைதான். ஒரே வார்த்தையில் நான் வெளியே, இவர் உள்ளே.

"அவர்கிட்டதான் சொல்லியிருக்காங்க சார். என் வீட்டுல சொன்னா எனக்குச் சொன்னதுதான். வாடகையை யார் கையால வாங்கினாலும் அது என் வீட்டு வாடகைதானே. அதே மாதிரிதான் இதுவும்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது உங்களுக்கேதான் பாதகமா வரும்."

"தெரியும் சார். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். எழுதியதைக் கேட்டு வாங்கி முழுதும் படித்தேன். ஓர் இடத்தில் பிழை இருந்தது, திருத்தச் சொன்னேன். "டீச்சரா?" என்றார். ஆமாம் என்றேன். கான்ஸ்டபிள் திரும்பிக்கொண்டு சிரித்தார். கையெழுத்துப் போட்டேன்.

கேஸ் பதிவானது என்று தெரிந்ததும் மகள், "சரி, நீ அங்கயே இரு" என்று சொல்லி வைத்தவள், அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அப்பாவுக்குப் போன் செய்வாள். பக்கத்தில் நான் இருப்பது தெரிந்தும் நலம் விசாரிக்கமாட்டாள். ஸ்கேன் எடுத்தது, சர்க்கரை கொஞ்சம் ஏறியது, குழந்தை உதைப்பது எல்லாம் இவர் வாய்வழியாகத்தான் எனக்குத் தெரியும். விடைத்தாள் திருத்தும்போது அழுதிருக்கிறேன். மார்க் போட்ட இடத்தில் கண்ணீர் விழுந்து சிவப்பு மை பரவி, அந்தப் பையனுக்கு என்ன மார்க் என்று எனக்கே தெரியாமல்போய், இரண்டு கூட்டிப் போட்டேன்.

மீன்காரம்மாவை வார்டில் போய்ப் பார்த்ததைச் சொல்லவேண்டும். பழம் வாங்கிக்கொண்டு போனேன். கையில் கட்டோடு படுத்திருந்தார். அவருடைய மகன் பக்கத்தில் விறைப்பாக நின்றான்.

"வூட்டுக்காரம்மாவா நீ?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அந்த சாரைத்தான் வூட்டுக்காருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்கக்கா. நானும்தான்."

"கம்பி உன்னுதுதானே?"

"என்னோடதுதான்."

"அப்ப உன்னைத்தான் திட்டணும்."

திட்டினார். சும்மா சொல்லக்கூடாது, துறைமுகத்தில் ஏலம் கேட்ட தொண்டை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். என் வீடு, என் படி, என் படிப்பு ஒன்றையும் விடவில்லை. வேலை செய்த கை இப்படிக் கிடக்கிறதே என்று சொல்லும்போது மட்டும் குரல் கம்மியது. நான் நின்று கேட்டேன். திட்டி முடித்து, களைத்து, "அந்தப் பழத்தை உரிச்சிக் குடு" என்றார். உரித்துக் கொடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகான செலவும், அவர் கூடை தூக்கமுடியாத மாதங்களின் வருமானமும் என் பொறுப்பு என்று மகனிடம் சொன்னேன். என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன், இவரிடம் கேட்கவில்லை. வாரம் தவறாமல் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாவது திட்டு வாங்காமல் திரும்பியதில்லை.

இதற்கிடையில் நான் உண்மையாகவே ஓனராகிவிட்டேன். கைப்பிடி முழுதும் அறுத்து எறியச் சொல்லி, துருப்பிடிக்காத குழாயில் புதிதாகப் போட்டேன். வெல்டரை நானே கூப்பிட்டேன், அன்றைக்கே வந்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியில் ஏறி கைப்பிடியின் ஒவ்வொரு காலையும் பிடித்து உலுக்கிப் பார்ப்பேன். தெரு வேடிக்கை பார்க்கும், பார்க்கட்டும். மகள் பிரான்சில் குடிபோனபோது, அங்கே அசுரான்ஸ் என்ற காப்பீட்டுக் காகிதம் காட்டாமல் சாவியே தரமாட்டார்கள் என்று சொன்னது நினைவு வந்தது. விசாரித்தேன். வீட்டுக்கு எடுக்கும் காப்பீட்டோடு, வந்துபோகிறவர்களுக்கு அடிபட்டால் அதையும் சேர்த்துக்கொள்ள இங்கேயும் வழி இருக்கிறது. எடுத்தேன். போலீஸ் கேஸை எந்தக் காப்பீடும் தாங்காது. அதற்குக் கம்பியை உலுக்கிப் பார்ப்பதுதான் காப்பு. மாடித் தம்பதியோடு புது ஒப்பந்தம் எழுதினேன். நானே எழுதினேன், வரிக்கு வரி அவர்களுக்குப் படித்துக் காட்டி. எது என் வேலை, எது அவர்கள் வேலை, பழுதென்றால் யாரிடம் சொல்வது என்று அதில் தெளிவாக இருக்கும். கடைசிக் கேள்விக்கு என் போன் நம்பர்.

செய்தி பரவியது. தெருவிலிருக்கும் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஒப்பந்தத்தைப் புடவை மறைவில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். யாரும் படித்ததில்லை. எதிர்வீட்டு அக்காவின் ஒப்பந்தத்தில், லிஃப்ட் பழுதாகி யாருக்காவது அடிபட்டால் முழுப் பொறுப்பும் ஓனருக்கு என்று இருந்தது. அந்த வீட்டில் லிஃப்டே கிடையாது. அவர் புருஷன் யாரோ ஒரு சென்னைக்காரன் ஒப்பந்தத்தைக் காப்பி அடித்துக் கொடுத்திருக்கிறார். "எனக்கு லிஃப்ட் இருக்குதுன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்று அந்த அக்கா சிரித்த சிரிப்பில் என் சாப்பாட்டு மேசை ஆடியது. மார்தட்டிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இன்றைக்கு எந்தப் பெண்ணும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அதற்கு நான் காரணம்.

கேஸ் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. சமரசமாக முடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சம்மதித்தால் அங்கேயே முடியும். அந்தத் தேதி வருவதற்குள் மகளின் தேதி நெருங்கிவிட்டது. பாஸ்போர்ட் விண்ணப்பம் இன்னும் போடப்படாமலே இருந்தது. நான் போகமுடியாது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அன்றைக்குக் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது எனக்கு எதிலும் அவசரம் இல்லை.

மீன்காரம்மாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவர் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கூப்பிட்டார்கள். "வீட்டு ஓனர் யாரு?" என்றதும் எழுந்தேன். வாசலில் நின்ற டவாலி இவரை மறித்து, "நீங்க யாரு சார்?" என்றார்.

"நான் ஓனரம்மாவோட புருஷன்" என்றார் இவர். குரலில் குறையே இல்லை. கொஞ்சம் பெருமை கூட இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

யாராவது மிரட்டிச் சம்மதிக்க வைத்தார்களா என்று நீதிபதி மீன்காரம்மாவைக் கேட்டார்.

"யாரும் மெரட்டலைங்க சாமி. இந்தம்மா தானா வந்து நான்தான் வூட்டுக்காரின்னு நின்னுச்சு. எனக்கு அது போதும். ஆனா கை இன்னும் நோவுது, அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்களா என்று தெரியாது. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் இடது கைப் பெருவிரலால் ரேகை வைத்தார். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது இவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரையில் மகள். தலையணையில் சாய்ந்து, முகம் வீங்கி, தலை கலைந்து. மார்பில் துணிச்சுருள், அதற்குள் சிவப்பாக ஒரு முகம். ராத்திரியே பிறந்துவிட்டதாம், பெண். தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"அம்மா" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

"வர முடியலடா கண்ணு" என்றேன். கோர்ட் வளாகம், ஜனங்கள், கறுப்புக் கோட்டுகள் என்றெல்லாம் பார்க்காமல் அழுதேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அது யாரும்மா? அந்த மீன்கார ஆயாவா?"

"ஆமாடா."

"போனை அவங்ககிட்ட குடு."

நான் நீட்டினேன். மீன்காரம்மா இடது கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கை எப்படி இருக்கு ஆயா? மடக்க முடியுதா?" என்றாள் என் மகள்.

"மடக்கறேன் பாரு" என்று மீன்காரம்மா வலது கையைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தார். தழும்பு நீளமாக ஓடிய அந்தக் கையை மெல்ல மடக்கினார். விரல்கள் உள்ளங்கையைத் தொடவில்லை, பாதியில் நின்றன. மறுபடி விரித்தார். மறுபடி மடக்கினார். பிள்ளை பெற்ற வலி தீராத உடம்போடு என் மகள் அதை அவசரப்படாமல் கடைசி வரைக்கும் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டுத்தான் தன் குழந்தையைத் தூக்கி எனக்குக் காட்டினாள். என் பெற்ற வயிறு குளிர்ந்துபோனது.